பெருவிரல் மூட்டைப் பிடித்து நிறுத்துவது எது?



இன்று நான் பேச வந்திருப்பது ஒரு சிறு மூட்டைப் பற்றி. காலின் கட்டைவிரல் பாதத்தோடு சேரும் இடம் இருக்கிறதே, அந்த மூட்டு. அது தேய்ந்தோ நசுங்கியோ போய், அடியெடுத்து வைக்க முடியாத வலி வரும்போது, இரண்டு எலும்புகளையும் ஒரே எலும்பாக ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. ஒட்டும்வரை அந்த எலும்புகளை அசையாமல் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். கம்பி வைக்கலாம். ஸ்க்ரூ வைக்கலாம். தகடு வைக்கலாம். ஸ்டேப்பிள் வைக்கலாம். எது நல்லது? யாருக்கு எது நல்லது? இதுதான் இன்றைய தலைப்பு.

இதை ஏன் கும்மிடிப்பூண்டியில் பேச வேண்டும்? மருத்துவ மாநாட்டில் பேச வேண்டிய விஷயம் அல்லவா? இல்லை, இங்கேதான் பேச வேண்டும். இந்த ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில் உருட்டாலைகள் இருக்கின்றன, வார்ப்படச் சாலைகள் இருக்கின்றன, தகடு வெட்டும் பட்டறைகள் இருக்கின்றன. கையிலிருந்து நழுவும் இரும்பு எங்கே விழும்? பாதத்தின் முன்பக்கத்தில் விழும். 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். பாதத்தின் மற்ற விரல்களில் ஒன்று அடி மூட்டோடு போனால் சம்பாதிக்கும் திறனில் 3 விழுக்காடு இழப்பு என்று எழுதியிருந்தது. பெருவிரல் அதே மூட்டோடு போனால் 14 விழுக்காடு! அந்த அட்டவணையை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, உழைக்கிறவனுக்குப் பெருவிரல் என்றால் என்ன என்று.

என்ன செய்கிறது அந்த விரல்? நீங்கள் நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்புகிறது. உடம்பின் பாரம் முன்னே சாய்கிறது. அந்தக் கணத்தில் பெருவிரல் தரையில் ஊன்றி நிற்க, அதன் அடி மூட்டு ஏறக்குறைய 60 பாகைவரை மடங்கிக் கொடுக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் இது நடக்கிறது. மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் மேற்பக்கம் எலும்பு முண்டு முளைக்கும். விரல் மேலே மடங்காது. மடக்க முயன்றால் உயிர் போகும் வலி. விரல் நுனியில் குந்தி உட்கார்ந்து வெல்டிங் செய்பவரால் குந்த முடியாது. லாரியில் ஏறி இறங்குபவரால் படியில் கால் வைக்க முடியாது. வலிக்குப் பயந்து பாதத்தின் வெளி ஓரத்திலேயே நடப்பார். நாளடைவில் அந்தப் பக்கமும் வலிக்கும், முழங்காலும் வலிக்கும்.

அடிபட்ட மூட்டு மட்டுமல்ல, முடக்குவாதம் தின்ற மூட்டும் இப்படி ஆகும். யூரிக் அமிலம் படிந்த மூட்டும் ஆகும். விரல் வெளிப்பக்கமாக வளைந்து, பாதத்தின் உட்பக்கம் புடைத்துப்போன மூட்டும் கடைசியில் இந்த இடத்துக்கு வந்து சேரும். ஆரம்பத்தில் ஊசி, மாத்திரை, அடி கெட்டியான செருப்பு ஆகியவற்றால் சமாளிக்கலாம். முண்டை மட்டும் சீவிவிட்டும் பார்க்கலாம். குருத்தெலும்பு முழுக்கப் போய்விட்டால்தான் ஒட்டவைக்கும் பேச்சு வரும்.

உடனே ஒரு கேள்வி எழும். முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வைக்கிறார்களே, இதற்கும் வைத்தால் என்ன? அசையாமல் கட்டிப்போடுவது கொடுமை அல்லவா? நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் கிப்சன், தாம்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூட்டை ஒட்டவைத்தார்கள், மறு பிரிவுக்குச் செயற்கை மூட்டு வைத்தார்கள். 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டவைத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்திருந்தது. செயற்கை மூட்டுகள் சில தளர்ந்து, எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு அமெரிக்காவில் 2016-இல் குருத்தெலும்புக்குப் பதிலாக வைக்கும் ஒரு மென்மையான செயற்கைப் பொருளுக்கு அனுமதி கிடைத்தது. கார்ட்டிவா என்று பெயர். பெரிய நம்பிக்கையோடு வந்தது. 2024-இல் அதைத் தயாரிப்பாளரே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆகவே, நாள் முழுக்க நின்று, சுமந்து, ஏறி இறங்கும் ஒரு தொழிலாளிக்கு, முற்றிலும் தேய்ந்த பெருவிரல் மூட்டுக்கு, ஒட்டவைப்பதே இன்றைக்கும் நம்பகமான வழி என்பது என் உறுதியான கருத்து.

சரி, எப்படி ஒட்டவைப்பது?

தோழர்களே, எலும்பு தானாக ஒட்டக்கூடியது. உடைந்த எலும்பு சேர்கிறதே, அதே வேலைதான். இரு முனைகளிலும் மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுத்தமாக நீக்கி, ரத்தம் கசியும் எலும்பு தெரியும்வரை கொண்டுபோய், ஒன்றோடொன்று அழுத்தி வைத்தால், ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் எலும்பே பாலம் கட்டிக்கொள்ளும். உலோகத்தின் வேலை அந்தச் சில வாரங்களுக்கு மட்டுமே. உங்கள் பட்டறையில் இரண்டு தகடுகளை வெல்டு வைக்கும் முன் க்ளாம்ப் போட்டு இறுக்குவீர்களே, ஸ்க்ரூவும் தகடும் அந்த க்ளாம்ப். எலும்புதான் வெல்டு. ஆகவே எந்த உலோகத்தைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்தப் பன்னிரண்டு வாரமும் அது இறுகப் பிடிக்குமா?

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கிளட்டன் என்பவர் 1894-இல் இந்த மூட்டை ஒட்டவைக்க யானைத் தந்த முளைகளைப் பயன்படுத்தியதாக எழுதினார். 1952-இல் அமெரிக்கரான மெக்கீவர் ஸ்க்ரூ கொண்டு ஒட்டவைத்து இந்த முறையைப் பரவலாக்கினார். அதற்குப் பிறகு வந்தவை எத்தனையோ. அவற்றில் முக்கியமான நான்கை மட்டும் பார்ப்போம்.

முதலில் கம்பி. கே ஒயர் என்று சொல்வார்கள். வழவழப்பான எஃகுக் கம்பி. விரலின் வழியாக ஒன்றோ இரண்டோ குறுக்காகச் செலுத்துவார்கள். முனை தோலுக்கு வெளியே நிற்கும். சில வாரம் கழித்து இழுத்தெடுத்துவிடலாம். விலை மிகக் குறைவு. எந்தச் சிறு மருத்துவமனையிலும் கிடைக்கும். ஆனால் வழவழப்பான கம்பி எலும்பை இடத்தில் வைத்திருக்குமே தவிர, இரு எலும்பையும் ஒன்றோடொன்று இறுக்காது. இறுக்கம் இல்லாத இடத்தில் அசைவு இருக்கும். அசைவு இருக்கும் இடத்தில் எலும்பு சேரத் தாமதமாகும்.

இரண்டாவது ஸ்க்ரூ. மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் குறுக்களவு. மூட்டைச் சாய்வாகக் கடந்து, எதிர்ப்பக்க எலும்பைப் பற்றி, இழுத்து, இடைவெளியை மூடும். ஒன்று போடலாம். இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் விரல் திரும்பாது. தலை இல்லாத ஸ்க்ரூ என்றால் எலும்புக்குள்ளேயே அமிழ்ந்துவிடும்.

மூன்றாவது ஸ்டேப்பிள். இப்போது நிட்டினால் என்ற கலப்பு உலோகத்தில் வருகிறது. விரித்து வைத்துச் செலுத்தினால், தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்று எலும்பை நெருக்கிக்கொண்டே இருக்கும். வேகமாகப் போடலாம். விலை கூடுதல்.

நான்காவது தகடு. இதில்தான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். ஏனென்றால், நோயாளியும் சரி, உறவினரும் சரி, தகடு என்றால் பலம் என்று நம்புகிறார்கள். "டாக்டர், காசு போனாலும் பரவாயில்லை, பிளேட்டே வச்சிடுங்க" என்கிறார்கள். தகடு பலமா? 2003-இல் பொலிட்டி என்பவரும் அவருடைய குழுவினரும் செயற்கை எலும்புகளில் ஐந்து விதமாக இந்த மூட்டைப் பூட்டி, இயந்திரத்தில் வைத்து வளைத்துப் பார்த்தார்கள். சாய்வு ஸ்க்ரூவும் மேல் தகடும் சேர்ந்த முறை எல்லாவற்றிலும் பலமாக நின்றது. ஸ்க்ரூ மட்டும் போட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் தகட்டை மட்டும் தனியாகப் போட்ட முறை எங்கே நின்றது தெரியுமா? கம்பியோடு சேர்ந்து கடைசியில்!

ஏன் அப்படி? யோசித்துப் பாருங்கள். நடக்கும்போது தரை விரலை எந்தத் திசையில் தள்ளுகிறது? மேல்நோக்கித் தள்ளுகிறது. அப்படித் தள்ளினால் மூட்டின் எந்தப் பக்கம் திறக்கும்? அடிப்பக்கம் திறக்கும். திறக்கும் பக்கத்தில் போட்டால்தான் தகடு இழுத்துப் பிடிக்கும். ஆனால் அடிப்பக்கத்தில் விரலை மடக்கும் தசைநாண் ஓடுகிறது. பாரம் தாங்கும் இரண்டு குட்டி எலும்புகள் இருக்கின்றன. அங்கே தகடு வைக்க இடமில்லை. அதனால் மேற்பக்கத்தில் வைக்கிறோம். மேற்பக்கத் தகடு, திறக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தனியாக அதனால் என்ன செய்ய முடியும்? சாய்வு ஸ்க்ரூ முதலில் இரு எலும்பையும் இறுக்கிக் கொடுத்தால், அந்த இறுக்கத்தைக் காப்பாற்றும் காவலாகத் தகடு நிற்கும். இறுக்குவது ஸ்க்ரூ, காப்பது தகடு. இரண்டும் சேர்ந்தால்தான் பலம்.

செயற்கை எலும்பு வேறு, மனிதக் கால் வேறு அல்லவா என்று கேட்பீர்கள். ஆம். 2008-இல் அமெரிக்காவில் ஹையர் என்பவரும் சகாக்களும் குறுக்கு ஸ்க்ரூ போட்டவர்களையும் மேல் தகடு போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். எலும்பு ஒட்டியதில் பெரிய வேறுபாடு இல்லை. செலவில் வேறுபாடு இருந்தது, தகடு விலை கூடியது. 2011-இல் ரூக்கிஸ் என்பவர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, 2,818 அறுவை சிகிச்சைகளைக் கணக்கிட்டார். ஒட்டாமல் போனவை 5.4 விழுக்காடு. எலும்பு ஒட்டாதவர்களிலும் மூன்றில் ஒருவருக்குத்தான் வலி இருந்தது. அதாவது, நல்ல எலும்பு, நல்ல கை, நல்ல ஓய்வு மூன்றும் இருந்தால் ஸ்க்ரூவும் வெல்லும், தகடும் வெல்லும். ஸ்க்ரூவின் தலையைப் பூட்டிக்கொள்ளும் துளை போட்ட விலை உயர்ந்த டைட்டானியத் தகடு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. 2011-இல் வந்த வேறொரு ஒப்பீட்டில், சாதாரண எஃகுத் தகட்டைவிடப் பூட்டுத் தகடு போட்டவர்களிடம் ஒட்டாமை குறையவில்லை. கூடுதலாகவே தெரிந்தது.

அப்படியானால் எதைப் போட்டாலும் ஒன்றுதானா? இல்லவே இல்லை! யாருடைய காலில் போடுகிறோம் என்பதைப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

ஒரு தொழிலாளியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒடிசாவிலிருந்து வந்தவர். முப்பது வயது. ஒப்பந்த வேலை. ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கியிருக்கிறார். இரும்புத் துண்டு விழுந்து மூட்டு நொறுங்கி, ஓராண்டு வலியோடு வேலை பார்த்து, கடைசியில் அறுவை சிகிச்சைக்கு வருகிறார். அவருக்குக் கம்பி போடலாமா? தோலுக்கு வெளியே கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழையில் வாசலில் தண்ணீர் நிற்கிறது. பொதுக் குளியலறை, பொதுக் கழிப்பறை. கம்பி வழியாகச் சீழ் பிடிக்க எத்தனை நாள் ஆகும்? வேலைக்குப் போக முடியாத காலத்தில் வாடகையும் சாப்பாடும் யார் கொடுப்பது என்று ஊருக்கு ரயில் ஏறிவிடுவார். ஆறாவது வாரம் அந்தக் கம்பியை எடுப்பது யார்? எக்ஸ்ரே பார்ப்பது யார்? அவருடைய எலும்பு இளம் எலும்பு, கெட்டியான எலும்பு. குறுக்காக இரண்டு ஸ்க்ரூ அவரை அழகாகப் பிடித்துக்கொள்ளும். தோலுக்கு வெளியே எதுவும் இல்லை. பிறகு எடுக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. கம்பி மலிவு என்பது மருத்துவமனைக் கணக்கு. சீழ் பிடித்து இரண்டாம் முறை மேசையில் ஏறினால், அந்த மலிவு எங்கே போயிற்று?

அவருக்குத் தகடும் வேண்டாம் என்பேன். ஏன்? பெருவிரலின் மேற்பக்கத் தோல் மெலிது. நீங்கள் அணியும் பாதுகாப்புக் காலணியில் இரும்புத் தொப்பி இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டியது அது. அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும். அந்தத் தொப்பியின் பின்விளிம்பு விரலின் மேல் வந்து படும். உள்ளே தகடு, வெளியே இரும்பு, நடுவில் மெல்லிய தோல். நாள் முழுக்க உரசினால் என்ன ஆகும்? காலணியைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் செருப்போடு ஆலைக்குள் நுழைவார். அடுத்த இரும்பு அந்தக் காலில்தான் விழும்.

இப்போது பொன்னேரியில் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதை நெருங்குகிறார். முடக்குவாதத்துக்குப் பல வருடமாக ஸ்டீராய்டு மாத்திரை. எலும்பு மென்மையாகி, ஸ்க்ரூ திருகினால் பிடிப்பே கிடைக்காது. இவருக்கு ஸ்க்ரூவை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். இங்கேதான் பூட்டுத் தகடு தன் விலைக்கு உரிய வேலையைச் செய்கிறது. ஸ்க்ரூவின் தலை தகட்டோடு பூட்டிக்கொள்வதால், மென்மையான எலும்பிலும் கட்டமைப்பு குலையாது. ஒரு சாய்வு ஸ்க்ரூ, அதன் மேல் பூட்டுத் தகடு. எலும்பு மிகவும் கரைந்து, ஸ்க்ரூவுக்கே இடமில்லாத பாதங்களும் உண்டு. அங்கே தடித்த கம்பியே கைகொடுக்கும். நான் கம்பியைக் குறை சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு உரிய காலும் இருக்கிறது.

இன்னொருவர், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களைப் பார்த்துப் பார்த்து உலகத்துக்கு ஒன்றைச் சொன்னார். வலி தெரியாத பாதம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் என்று. அது சர்க்கரை நோயாளிக்கும் பொருந்தும். அறுவை செய்த காலில் வலி தெரியாததால் மூன்றாம் நாளே ஊன்றி நடப்பார், உலோகம் ஒடியும். இவருக்கு இருப்பதிலேயே பலமான பூட்டும் வேண்டும், மாவுக்கட்டும் வேண்டும், சர்க்கரைக் கட்டுப்பாடும் வேண்டும்.

எதைக் கொண்டு பூட்டினாலும், எந்தக் கோணத்தில் பூட்டினோம் என்பது அதைவிடப் பெரிது. தவறான கோணத்தில் அருமையாக ஒட்டிய விரலை என்ன செய்வது? மேல்நோக்கி அதிகம் தூக்கிவிட்டால் விரல் காலணியின் கூரையில் இடிக்கும். தாழ்த்திவிட்டால் ஒவ்வொரு அடியிலும் நுனி தரையில் குத்தும், நகத்தடி மூட்டு தேயும். தரையிலிருந்து 10 முதல் 15 பாகை மேலே, அதே அளவு வெளிப்பக்கச் சாய்வு என்று நூல்கள் சொல்கின்றன. குதி உயர்ந்த காலணி போடும் நாட்டுக்கு மேல் எல்லை பொருந்தலாம். தட்டைச் செருப்பும் வெறுங்காலுமாக நடக்கும் நமக்கு அவ்வளவு தூக்க வேண்டியதில்லை. மேசையிலேயே பாதத்தின் அடியில் தட்டையான எஃகுத் தட்டை அழுத்தி, நிற்பதுபோல் வைத்துப் பார்த்த பிறகே ஸ்க்ரூவைத் திருக வேண்டும். எலும்பு முனைகளைக் கிண்ணமும் குமிழுமாகக் கடைந்து பொருத்தினால் கோணத்தைக் கடைசி நிமிடத்திலும் திருத்தலாம். நேராக அறுத்துவிட்டால், திருத்தும் ஒவ்வொரு முறையும் விரல் குட்டையாகும்.

எல்லாரும் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. "திருத்தணி மலைக்குப் படியேற முடியுமா, டாக்டர்?" முடியும். 365 படியும் ஏறலாம். ஒவ்வொரு படியிலும் முழுப் பாதத்தையும் பதித்து ஏற வேண்டும், அவ்வளவே. சம்மணம் போடலாம். பாதம் முழுக்கத் தரையில் படக் குந்தலாம். விரல் நுனியில் குந்துவதும், விரலை மடித்து மண்டியிடுவதும் மட்டும் இனி ஆகாது. இதை அறுவைக்கு முன்பே மருத்துவர் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். என் எலும்பு கெட்டியா, மென்மையா? எனக்கு ஏன் இந்த முறை? எலும்பை இறுக்குவது எது? நான் போடும் காலணியைக் கணக்கில் எடுத்தீர்களா? அந்தக் காலணியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அறுவை முடிந்தபின் ஆறு வாரம் குதிகாலில் மட்டும் ஊன்றி, அடி வளையாத காலணியோடு நடக்க வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. நிகோட்டின் எலும்புக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், ஒட்டுவதைக் கெடுக்கும். ஆறாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் எக்ஸ்ரே. எலும்புப் பாலம் தெரிந்த பிறகுதான் கனமான வேலை. ஊருக்குப் போவதானால் அறுவைக் குறிப்பையும் எக்ஸ்ரே படத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. இந்த மாவட்டத்துத் தொழிலாளி எல்லாவற்றுக்கும் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

இந்தப் பன்னிரண்டு வாரத்துக்குச் சோறு? இ.எஸ்.ஐ. என்னும் அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் பதிவு உள்ளவருக்கு வேலையில் ஏற்பட்ட காயம் என்றால், தற்காலிக ஊனப் பயனாகச் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். நோய் விடுப்பு என்று போட்டால் 70 விழுக்காடுதான், அதுவும் ஆண்டுக்கு 91 நாள். 90-க்கும் 70-க்கும் நடுவில் இருப்பது என்ன? விபத்து நடந்த அன்று எழுதப்படும் ஓர் அறிக்கை. அது எழுதப்படாமல் "வீட்டில் இடித்துக்கொண்டார்" என்று பதிவானால், மூட்டு தேய்ந்து அறுவைக்கு வரும் நாளில் காயத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை எப்படி நிரூபிப்பது?

மேற்பார்வையாளர்களே, ஒப்பந்ததாரர்களே, உங்களில் சிலரும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். விரலில் இரும்பு விழுந்தால், சிறு காயம் என்று நினைக்காமல் அன்றே எழுதுங்கள், அன்றே எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். அறுவை முடிந்து வருபவரைப் பன்னிரண்டு வாரம்வரை சுமை தூக்க அனுப்பாதீர்கள். அவர் வந்தே ஆக வேண்டும் என்றால், உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுங்கள். சங்கத் தோழர்களே, அது நடக்கிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.